எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ.

‘எதற்கும்’ என்ற சொல்லை நாம் போதிய சந்தேகத்துடன் பார்ப்பதில்லை. ‘எதற்கும் ஒரு குடையை எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லும்போது அதில் கரிசனம் இருக்கிறது. நஷ்டம் என்று பார்த்தால் கையில் குடையின் கனம், அவ்வளவுதான். அதே சொல் மருத்துவமனைக்குள் நுழைகையில் அதன் கனம் வேறாகிவிடுகிறது. மார்பகத்தில் சிறு கட்டி. மேமோகிராம் ஆயிற்று, அல்ட்ராசவுண்ட் ஆயிற்று, ஊசி போட்டுத் திசு எடுத்துப் புற்றுதான் என்று உறுதியும் ஆயிற்று. தொடக்க நிலைதான், கட்டியை மட்டும் அகற்றிப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் ஒருவாறு மூச்சுவிடத் தொடங்கும் வேளையில் அடுத்த வாக்கியம் வருகிறது: ‘எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம்.’

யாரும் மறுப்பதில்லை. மறுக்கத் தோன்றுவதுமில்லை. கூடுதலாகப் பார்ப்பதில் என்ன தவறு இருக்க முடியும்? இது பதிலே தேவைப்படாத கேள்வி என்று பலரும், மருத்துவர்களில் கணிசமானோரும், நினைக்கிறார்கள். ஆனால் பதில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. அது படிக்கப்படவில்லை, அல்லது படித்தவர்கள் அதைத் தங்கள் வழக்கத்துக்குள் வரவிடவில்லை. நான் மருத்துவன் அல்லன். ஆய்வறிக்கைகளும் உரைநடைதான், அவற்றையும் வாசிக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே என் தகுதி.

எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்கிறேன். பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெண்களுக்கான ஆண்டுப் பரிசோதனையில் எம்.ஆர்.ஐ.க்கு உள்ள இடத்தை நான் கேள்வி கேட்கவில்லை. அக்குளில் நெறிக்கட்டி இருந்து மார்பகத்தில் மூலக்கட்டி எங்கே என்று தெரியாத நிலையில் அது தேட உதவுகிறது. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பின் அறுவை செய்கையில் சுருக்கத்தை அளக்க உதவுகிறது. என் சண்டை இவற்றோடு அல்ல. எல்லாப் பரிசோதனைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், சிறிய கட்டி ஒன்றுதான் என்று தெளிந்த பிறகு, வழக்கமாக, எல்லோருக்கும், ‘எதற்கும்’ எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ.யோடுதான்.

அந்த இயந்திரம் என்ன பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பெண் குப்புறப் படுத்திருக்கிறாள். மார்பகங்கள் கீழே இரு குழிகளுக்குள் தொங்குகின்றன. நாளத்தில் கேடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து செலுத்தப்படுகிறது. புற்றுக்கட்டி தனக்கென்று வளர்த்துக்கொள்ளும் ரத்த நாளங்கள் ஒழுகும் தன்மை கொண்டவை. மருந்து அங்கே விரைந்து சேர்ந்து படத்தில் வெளிச்சமாகத் தெரிகிறது. எக்ஸ் கதிர் இல்லை. மேமோகிராம் தவறவிடும் பலவற்றை இது தவறவிடுவதில்லை. இதுவரை எல்லாம் உண்மை. ஆனால் ஒளிர்வது எல்லாம் புற்றல்ல. தீங்கற்ற நார்க்கட்டியும் ஒளிரும். மாதவிடாய்ச் சுழற்சியில் இயக்குநீர்கள் ஏறி இறங்குவதற்கேற்ப சாதாரணத் திசுவே ஒளிரும். அதனால்தான் சுழற்சியின் இரண்டாம் வாரத்தில் எடுப்பது உத்தமம் என்கிறார்கள். இயந்திரம் காட்டுவது ரத்த ஓட்டத்தை. அதைப் புற்று என்று படிப்பது மனிதக் கண். 2008இல் சிட்னியைச் சேர்ந்த நெஹ்மத் ஹுசாமியும் குழுவினரும் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ., ஏற்கெனவே தெரிந்த கட்டிக்கு அப்பால் கூடுதல் புற்றை 16 சதவிகிதப் பெண்களிடம் கண்டது. அதே நேரம், அது சுட்டிக்காட்டிய புதிய இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றே அல்ல.

சரி, மூன்றில் இரண்டு உண்மையான புற்றுதானே, அவற்றைக் கண்டது நல்லதில்லையா? வாதத்தின் மையமே இந்தக் கேள்விதான். இதற்கு விடை காண இயந்திரம் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போகவேண்டும்.

மார்பக அறுவையின் வரலாறு ‘எதற்கும்’ என்ற சொல்லின் வரலாறு. 1811 செப்டம்பரில் பாரிஸில், மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு மார்பகத்தை அகற்றினார்கள். பின்னர் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் கத்தியின் ஒவ்வொரு அசைவையும் அவர் பதிவு செய்தார். இலக்கியம் நோயைப் பற்றி எழுதிய பக்கங்களில் அதைவிடக் கூசவைப்பதை நான் படித்ததில்லை. அது வேறு வழியற்ற காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஹால்ஸ்டட் கொண்டுவந்ததோ ஒரு கோட்பாடு. புற்று கட்டியிலிருந்து ஒழுங்காகப் படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது. ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார். 1894இல் 50 பெண்களின் விவரங்களோடு அவர் வெளியிட்ட கட்டுரை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குச் சட்டமாக இருந்தது. பெண்கள் குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் வாழ்ந்தார்கள். அல்லது அப்படியே செத்தார்கள். ஏனெனில், அவர்களில் பலரைக் கொன்ற புற்று அறுவைக்கு முன்பே எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. அகலமாக வெட்டியதில் அதற்கு யாதொரு சங்கடமும் இல்லை.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. 1920களில் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கீன்ஸ், கட்டியை மட்டும் எடுத்து, ரேடியம் ஊசிகளைச் செருகி, மார்பகத்தைக் காப்பாற்றத் தொடங்கினார். பொருளாதார மேதையின் தம்பி என்பதைவிட, வில்லியம் பிளேக்கின் எழுத்துகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் என்றால் நம் வாசகர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். 1913இல் வெர்ஜீனியா வுல்ஃப் தூக்க மாத்திரைகளை அளவுமீறி விழுங்கியபோது, வயிற்றைக் கழுவும் குழாயைக் கொண்டுவர லெனார்டோடு லண்டன் வீதிகளில் காரை விரட்டியவரும் இந்த இளம் மருத்துவர்தான். தன் நோயாளிகள் முழு வெட்டுக்கு ஆளானவர்களைவிட மோசமாகிவிடவில்லை என்று 1930களில் கீன்ஸ் எழுதினார். அட்லாண்டிக்கின் மறுகரையில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்காவில் 1970கள் வரை இன்னொரு கொடுமையும் இருந்தது. கட்டி என்னவென்று பார்ப்பதற்காக மயக்கம் கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் தனக்கு ஒரு மார்பகமா இரண்டா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். 1974இல் இதற்கு உட்பட மறுத்தவர் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர். தனக்கு இசைவான மருத்துவரைத் தேடி அலைந்து, அந்த அலைச்சலைப் புத்தகமாக எழுதி, 1979இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்து, அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லும் பரிந்துரையில் பங்குபெற்றார். நம் வட்டாரத்தில் சூசன் சொன்டாக்கின் நோயும் உருவகமும் பற்றிய நூலைப் பேசுவோர் அநேகர். அதை எழுதியவர் 1975இல் ஹால்ஸ்டட் முறையிலேயே அறுக்கப்பட்டவர் என்பதையும், அதே ஆண்டுகளில் குஷ்னர் போன்றவர்கள் அந்த முறையோடு மல்லுக்கு நின்றார்கள் என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிறகு எண்கள் வந்தன. மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டட் அறுவை. பாதிப் பேருக்கு மார்பகத்தின் கால்பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய சோதனையில் 1851 பெண்களின் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டின் இருபதாண்டு முடிவுகளும் 2002 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இலக்கத்தில் வெளிவந்தன. முழுதாக எடுத்தவர்களும் காப்பாற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடிருந்தார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 39.2 சதவிகிதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது என்பதையும், கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 சதவிகிதம்தான் என்பதையும் ஃபிஷரின் சோதனை காட்டியது.

மேலே உள்ள இரண்டு எண்களின் இடைவெளியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டியை எடுத்த பின்னும் மார்பகத்தில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. கதிர்வீச்சு அதில் பெரும்பகுதியை அழித்திருக்கிறது. அந்த மிச்சம் எது என்பதும் தெரிந்ததுதான். 1985இல் நெதர்லாந்தின் ரோலண்ட் ஹாலந்தும் குழுவினரும், ஒற்றைக் கட்டி என்று கருதப்பட்டு முழுதாக நீக்கப்பட்ட 282 மார்பகங்களை மெல்லிய துண்டுகளாக அரிந்து தேடினார்கள். 37 சதவிகிதத்தில் மட்டுமே கட்டியைத் தவிர வேறேதும் இல்லை. 43 சதவிகிதத்தில் கட்டிக்கு 2 சென்டிமீட்டருக்கும் அப்பால்கூட நுண்ணிய புற்றுத் தீவுகள் கிடைத்தன.

ஆக, எம்.ஆர்.ஐ. இன்று ‘கண்டுபிடிக்கும்’ புள்ளிகள் புதியவை அல்ல. மிலானின் பெண்களிடமும் பிட்ஸ்பர்க் மருத்துவரின் பெண்களிடமும் அவை இருந்தன. யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்கள் இருபது ஆண்டு வாழ்ந்து காட்டிய கணக்கின் மேல்தான் மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை முழுவதும் நிற்கிறது. அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்ட ஒன்றைப் படம்பிடித்து, புதிய செய்தி என்று அறிவித்து, அதற்காகக் கத்தியை அகலமாக நகர்த்துவது எதில் சேர்த்தி? ஹால்ஸ்டட்டைப் புறவாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொள்வதுதான் அது. கோட்பாடு தோற்றது, கருவி அதை மீட்டுக்கொடுத்துவிட்டது.

இது தர்க்கம் மட்டும்தானே, தர்க்கம் சிகிச்சையாகாது என்பவர்களுக்குச் சோதனைகள் இருக்கின்றன.

பிரிட்டனின் 45 மருத்துவமனைகளில், கட்டியை மட்டும் அகற்றத் திட்டமிடப்பட்டிருந்த 1623 பெண்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனைகளோடு எம்.ஆர்.ஐ.; மீதிப் பேருக்கு அது இல்லை. காமிஸ் என்று பெயர். 2010இல் லான்செட் இதழில் வந்தது. எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே முழு வரைபடத்தைக் கொடுத்துவிடுவதால் மறு அறுவை குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் மறு அறுவை 19 சதவிகிதம். எடுக்காதவர்களில் 19 சதவிகிதம். இவ்வளவு பெரிய சோதனையில் இவ்வளவு அப்பட்டமான சமன்நிலை அபூர்வம். ஆனால் ஒன்று மாறியிருந்தது. எம்.ஆர்.ஐ. குழுவில் 58 பேருக்கு முதல் அறுவையிலேயே முழு மார்பகமும் எடுக்கப்பட்டது. மற்றக் குழுவில் 10 பேருக்கு. அந்த 58இல் 16, திசுவைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவசியமே இல்லாதவை என்று தெரியவந்தது.

பதினாறு. சதவிகிதத்தில் சொன்னால் மொத்தத்தில் இரண்டுதான் என்று கடந்துவிடலாம். கட்டியை மட்டும் எடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்ட பதினாறு பெண்கள், ஒரு படத்தின் காரணமாக, எடுக்கத் தேவையில்லாத மார்பகத்தை இழந்தார்கள் என்றும் சொல்லலாம். எண்களை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு நிலைப்பாடு இருக்கிறது.

நெதர்லாந்தில் கையால் தொட்டறிய முடியாத சிறு புண்களுக்காக நடந்த மோனே சோதனை இன்னும் விபரீதமானது. 2011இல் வெளியானது. காப்பு அறுவைக்குப் பின் மீண்டும் வெட்ட நேர்ந்தது எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 34 சதவிகிதம், எடுக்காதவர்களில் 12. எண்ணிக்கை சிறியது, 53 பேரில் 18, 50 பேரில் 6. ஆகவே எம்.ஆர்.ஐ.யே தீங்கு செய்தது என்று நான் கூவமாட்டேன். நன்மை செய்தது என்று யாரும் கூவ முடியாது என்பது போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதங்களையும் மேசைமேல் வைத்துவிடுகிறேன். ஸ்வீடனில் மூன்று மருத்துவமனைகளில், 56 வயதுக்குக் கீழான 440 பெண்களிடம் நடந்த சோதனை 2014இல் வந்தது. அதில் மறு அறுவை எம்.ஆர்.ஐ. குழுவில் 5 சதவிகிதம், மற்றதில் 15. மெய்யாகவே வேறுபாடு. ஆனால் உள்ளே போய்ப் படித்தால், காப்பு அறுவைக்குத் திட்டமிட்டிருந்த சிலருக்கு எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு திட்டம் முழு நீக்கமாக மாறியது தெரிகிறது. மார்பகம் முழுவதையும் எடுத்துவிட்ட பெண், விளிம்பைச் சரிசெய்ய மீண்டும் மேசைக்கு வரவேண்டியதில்லைதான். மறு அறுவை குறைந்ததில் இந்த வழியாகக் குறைந்தது எத்தனை என்று கேட்காமல் அதை வெற்றியாக எண்ணக்கூடாது. 2022இல் வந்த மிபா என்ற பன்னாட்டுத் தொகுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும். அதில் கிட்டத்தட்ட 5900 பெண்கள். மறு அறுவை 11.7இலிருந்து 8.5 சதவிகிதமாகக் குறைவு என்கிறது. முழு நீக்கம் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 36.3, எடுக்காதவர்களில் 18. நியாயமாகச் சொன்னால் இந்த இரட்டிப்பு முழுவதையும் இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. முழு நீக்கம் ஏற்கெனவே தீர்மானமானவர்களை மருத்துவர்கள் அதிகம் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பியிருக்கிறார்கள். குலுக்கிப் பிரிக்காத ஆய்வின் குறை இது. அந்தக் குறை இரு பக்கமும் வெட்டும். மறு அறுவைக் கணக்கையும் சேர்த்தே வெட்டும்.

இன்னொன்று என்னைச் சற்று நிறுத்தியது. ஒரே மார்பகத்தில் இரண்டு மூன்று இடங்களில் கட்டி இருந்தும் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றிய 204 பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2023இல் வந்தது. ஐந்தாண்டில் நோய் அதே இடத்தில் திரும்பியது 3.1 சதவிகிதத்தினருக்கு மட்டும். அதில் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்த 189 பேரில் 1.7 சதவிகிதம், எடுக்காத 15 பேரில் 22.6. கடைசி எண் திகிலூட்டுவதுதான். ஆனால் பதினைந்தே பேர், அவர்களும் குலுக்கலில் அமைந்தவர்கள் அல்லர். பல கட்டிகள் தெரிந்த பெண்ணுக்கு மார்பகத்தைக் காப்பாற்றும் நோக்கத்தோடு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைச் சிறு கட்டிக்காரியிடம் இதைக் காட்ட முடியாது. ‘இரண்டாவது புள்ளி தெரிந்தது, ஆகவே முழுதாக எடுத்துவிட்டோம்’ என்று இத்தனை காலம் சொல்லி வந்தவர்களுக்கு எதிரான சாட்சியும் இதே ஆய்வுதான்.

அப்படியானால் நோய் திரும்புவதையாவது எம்.ஆர்.ஐ. குறைக்கிறதா? 2014இல் ஹுசாமி குழு 3169 பெண்களின் தனித்தனி விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தது. எட்டாண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பாதிருந்தோர் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 97 சதவிகிதம், எடுக்காதவர்களில் 95. வயது, கட்டியின் தன்மை முதலியவற்றைக் கணக்கில் கொண்டபோது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு ஏதும் மிஞ்சவில்லை. 95ஐ எட்டிவிட்ட ஒன்றை உயர்த்துவதற்கு அங்கே இடமும் அதிகமில்லை. கதிர்வீச்சும் மருந்துகளும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

மறு அறுவையைக் குறைத்தது எது என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். வெட்டி எடுத்த கட்டியின் புறத்தில் மை தடவுவார்கள். நுண்ணோக்கியில் புற்று அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பில் மிச்சம் இருக்கக்கூடும் என்று பொருள். மை தொடாவிட்டாலும், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், இரண்டு வேண்டும், இன்னும் வேண்டும் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்து மீண்டும் மீண்டும் வெட்டி வந்தார்கள். 2014இல் அமெரிக்க அறுவை, கதிர்வீச்சுச் சங்கங்கள் கூடி, ஊடுருவும் புற்றுக்கு மையைத் தொடாவிட்டால் போதும் என்று எழுதின. ஜார்ஜியாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் 2013க்கும் 2015க்கும் இடையில் சிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வின்படி, கட்டி நீக்கத்துக்குப் பிந்தைய கூடுதல் அறுவை 16 சதவிகிதப் புள்ளிகள் சரிந்தது. காப்பு அறுவையோடு நின்றவர்கள் 52இலிருந்து 65 சதவிகிதமாக உயர்ந்தார்கள். காந்தம் இல்லை, கேடோலினியம் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்.

‘மறுபக்க மார்பகத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாமே’ என்ற வாதமும் உண்டு. 2007இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஒரு மார்பகத்தில் புற்று உறுதியான 969 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 30 பேரிடம் மறுபக்கத்தில் புற்று தெரிந்தது. அதற்காக ஊசிக்கு உள்ளானவர்கள் 121 பேர். முப்பது என்பது அலட்சியப்படுத்தும் எண்ணல்ல. ஆனால் அந்த முப்பதிலும், உடல் முழுவதும் போகும் மருந்துகளால் அடங்கியிருக்கக்கூடியவை எத்தனை என்பதைப் படம் சொல்லாது.

இனிக் காலம். பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் 577 நோயாளிகளைப் பற்றி 2009இல் வந்த ஆய்வு, எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக் காலம் 22 நாள் நீண்டதாகக் கணக்கிட்டது. படம் எடுக்க ஒருநாள், புள்ளி தெரிந்தால் இன்னொரு அல்ட்ராசவுண்ட், அதில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. வழிகாட்டலிலேயே ஊசி. அதற்குக் காந்தத்துக்கு இசைவான தனி ஊசியும் பயின்ற கைகளும் வேண்டும். இயந்திரம் இருக்கும் இடங்களிலெல்லாம் இந்த ஏற்பாடும் இருக்கும் என்று நம்மூரில் எண்ணிக்கொள்ள முடியாது. படம் காட்டும், ஊசி போட வழியில்லை என்ற நிலையில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ‘எதற்கும் முழுசா எடுத்துடலாம்.’ ஒரு ‘எதற்கும்’ இன்னொரு ‘எதற்கும்’ பெற்றெடுக்கிறது. தன் கையில் பயின்ற கதிரியலர் இருந்தால் இப்படியெல்லாம் ஆகாது என்று காமிஸ் சோதனையைக் குறை சொல்லும் நிபுணர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் நோயாளிகள் நிபுணரின் கட்டுரைக்குள் படுத்துக்கொள்வதில்லை, கிடைத்த மருத்துவமனையில் படுக்கிறார்கள்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் 2018 வழிகாட்டுதலில், அறுவைக்கு முன் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், மார்பகத்தின் அடர்த்தியால் மேமோகிராம் எடுபடாவிட்டால், அல்லது லோபுலர் எனும் பரவிப் படரும் வகைப் புற்றுக்குக் காப்பு அறுவை யோசிக்கப்பட்டால் எடுக்கலாம் என்கிறது. அமெரிக்க மார்பக அறுவையாளர் சங்கம் 2016இல் வெளியிட்ட ‘தவிர்க்க வேண்டியவை’ பட்டியலிலும் இது உண்டு. வெட்டுகிறவர்களே வேண்டாம் என்று எழுதியும் வழக்கம் தொடர்கிறது என்றால், காரணம் அறிவியலில் இல்லை. வாங்கிய இயந்திரம் ஓடியாக வேண்டும் என்பது ஒரு காரணம். விட்டுப்போனது என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற மருத்துவரின் பயம் இன்னொன்று. தேவையில்லாமல் எடுத்த மார்பகத்துக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. ‘நல்லவேளை, எல்லாம் எடுத்தாச்சு’ என்று குடும்பமே நன்றி சொல்லும்.

மூன்றாவது காரணம் நம்முடையது. நம் பழம்பாடல்கள் கூசாமல் எடுத்தாண்ட முலை என்ற சொல்லைத் தன் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்ததற்காக 2002இல் குட்டி ரேவதி பட்ட பாட்டை இவ்வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கவிதைக்கே இந்தக் கதி என்றால், கணவரும் மாமியாரும் பின்னால் நிற்க, மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, ‘அதை ஏன் முழுதாக எடுக்க வேண்டும்’ என்று ஒரு பெண் எப்படி வாதாடுவாள்? பெயர் சொல்லவே கூசும் உறுப்புக்கு வழக்காட முடியாது. ‘இந்த வயசுல அது எதுக்கு’ என்று பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் குரலுக்கு எதிராக அவள் கையில் இருப்பது மருத்துவர் தரும் தகவல் மட்டுமே. அந்தத் தகவலும் ஒரு மங்கிய வெள்ளைப் புள்ளியாக இருந்தால் வழக்கு முடிந்தது.

முழு நீக்கத்தைத் தானாகத் தேர்கிற பெண்ணைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் தொலைதூரம் போய்வர முடியாமல் அதைத் தேர்கிறவர்களும் இங்கே உண்டு. அது அவர்களுடைய வாழ்க்கைக் கணக்கு, அந்தக் கணக்கில் எனக்கு வேலையில்லை. தேர்வு என்ற பெயரில் நடக்கும் வேறொன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, எம்.ஆர்.ஐ. சீட்டு நீட்டப்படும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் கைப்பரிசோதனையும் ஒத்துப்போகின்றனவா, இல்லையா? என் புற்று லோபுலர் வகையா? இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் அறுவைத் திட்டம் மாறும்? புதிதாக ஏதேனும் தெரிந்தால், அதில் ஊசி போட்டு உறுதிசெய்யாமல் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக வெட்டுவதில்லை என்று இப்போதே எழுதித் தருவீர்களா? ஊசி போடும் வசதி இந்த வளாகத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே, எத்தனை நாளில்? இவற்றுக்குப் பதில் சொல்லும் மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பதில் சொல்லத் தெரிந்தவர், பெரும்பாலும், அந்தச் சீட்டை எழுதியிருக்கவே மாட்டார்.